செ. இந்துமதி, காங்கயம்

பிப்ரவரி 3, திங்கள்

தேங்காய்க் களத்துக்கு இன்று ஆள் குறைவு. உடைத்த தேங்காய் மலையாகக் கிடக்கிறது. நானும் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் காயும் கொப்பரைப் பருப்பைக் கிளறிவிட இறங்கினேன். மாசி பிறக்கவில்லை, அதற்குள் இந்த வெயில்.

மத்தியானம் கற்பகவல்லி வந்தாள். தையல் பள்ளி நடத்துகிறவள். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பதற்கு லைனிங் துணி, ஊக்கு எல்லாம் அவளிடம்தான் வாங்குவது. கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு மியூசியத்தில் நம் பக்கத்து டிசைனர்கள் செய்ததையெல்லாம் வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்களாம். அவளிடம் படிக்கிற பெண்களை வேனில் கூட்டிக்கொண்டு போகிறாள்.

"நீங்களும் வாங்கக்கா. காலையில போனா இருட்டறதுக்குள்ள வந்துரலாம்."

"எனக்கெதுக்குடி அதெல்லாம்? களத்தை யாரு பாக்கறது?"

அவள் நோட்டீஸைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் வரிசையாகப் பெயர்கள். கீழேயிருந்து இரண்டாவது: செ. இந்துமதி, காங்கயம்.

கற்பகவல்லி காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் மறுபடி களத்துக்குப் போனேன். கிளறிவிட்ட பக்கத்தையே திரும்பவும் கிளறுகிறேன் என்று கூட வேலை செய்த ரங்காத்தாள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 5, புதன்

இனிஷியலை விடவில்லை. 'செ.' என்று போட்டிருக்கிறாள். இவர் பெயர்தான். சென்னியப்பன் மகள் என்று.

என் பிள்ளை வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. திருப்பூரில் டிசைன் படிக்க வைத்ததே அவர்தான். பொம்பளைப் பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்புகிறாய் என்று அவருடைய அண்ணன் சொன்னபோது, "எம்பட புள்ள படம் வரையறதைப் பார்த்திருக்கியாண்ணா?" என்று கேட்டவர். படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் வேலை. அங்கே கூட வேலை பார்த்த எட்வினைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி, வேறு மதம். அன்றைக்கு அவர் அவளுடைய துணிமணியையெல்லாம் களத்தில் போட்டுக் கொளுத்தினார். அண்ணன் பக்கத்தில் நின்றார்.

முதலில் கொஞ்ச நாள் என் செல்லுக்குப் பேசினாள். அது தெரிந்ததும் அவர் சிம்மை எடுத்துவிட்டார். இப்போது வீட்டில் இருக்கிற போன் அவருடையது மட்டும்தான். களத்து போர்டிலும் அந்த நம்பர்தான்.

இன்று புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல்.

பிப்ரவரி 7, வெள்ளி

எதிர்பாராத மழை. தார்ப்பாய் இழுப்பதற்குள் பாதிப் பருப்பு நனைந்துவிட்டது. பூஞ்சை பிடித்தால் எண்ணெய்க்குக்கூட ஆகாது. முன்பெல்லாம் இப்படி ஆகியிருந்தால் அவர் போடுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். இன்று வந்தார், பார்த்தார், "சரி விடு நாகு, மழைக்கு யாரு என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கொஞ்ச காலமாகவே இப்படித்தான் இருக்கிறார். கேட்காமலே பூ வாங்கி வருகிறார். குழம்பில் உப்பில்லை என்றால் தானே எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். வயசாகிறது, கோபம் ஆறுகிறது. இந்து விஷயத்திலும் ஆறிவருகிறது என்றுதான் நினைக்கிறேன். போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது அவளுடைய பள்ளிக்கூடத்து போட்டோ அவர் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. கொளுத்தியதில் அது தப்பித்ததே எனக்குத் தெரியாது. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். சிவன்மலைத் தேருக்கு ரங்காத்தாளோடு போனேன். அவர் வரவில்லை. முட்டி வலியாம். வருஷம் தவறாமல் வடம் பிடிக்கிற மனுஷன்.

திரும்பி வந்தபோது சிந்துஜாவின் கல்யாண ஆல்பம் வந்திருந்தது. சிந்துஜா அவருடைய அண்ணன் மகள். தீபாவளி கழிந்து கல்யாணம் நடந்தது. ஆல்பத்தைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். நிறையப் படத்தில் நான் இருக்கிறேன். அரக்குப் பட்டில், வாயெல்லாம் சிரிப்பாக, ஓடி ஓடி வந்தவர்களைக் கவனித்துக்கொண்டு. அவர் ஒரே ஒரு படத்தில்தான். அதிலும் காமிராவைப் பார்க்கவில்லை.

அந்தக் கல்யாணம் முடிந்த மறுநாள்தான் பழனிக்குப் போகிறேன் என்று போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்ன வேண்டுதல் என்று சொல்லவில்லை. பஞ்சாமிர்தமும் வாங்கி வரவில்லை. தலையில் சந்தனமும் இல்லை. இப்போது முடி வளர்ந்துவிட்டது. முழுக்க வெள்ளை.

ஆல்பத்தைக் காட்டினேன். "அப்புறம் பாக்கறேன்" என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏனுங்க, கற்பகவல்லி புள்ளைங்களைக் கூட்டிட்டு கோயமுத்தூர் போறாளாம். ஏதோ கண்காட்சி. நானும் ஒரெட்டுப் போயிட்டு வரட்டுங்களா?"

"கோயமுத்தூரா?"

"ஆமாங்க. சாயங்காலமே வந்துருவோம்."

"வேண்டாம்."

"ஏனுங்க?"

"வேண்டாம்னா வேண்டாம். அந்த ஊருக்கு நீ போகவேண்டாம்."

கத்தவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். சோறு பாதிக்கு மேல் மீதி இருந்தது. பெயரை நான் சொல்லவே இல்லை. நோட்டீஸையும் அவர் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

போகத்தான் போகிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

நாளைக்கு அவருக்குப் பெருந்துறையில் பருப்பு ஏலம். விடியவே கிளம்பிவிடுவார். நான் அதற்குப் பிறகு கிளம்பினால் போதும்.

மத்தியானம் ஒப்புட்டு தட்டினேன். அவளுக்குத் தேங்காய் போட்டது ஆகாது, கடலைப்பருப்புப் பூரணம்தான் வேண்டும். நெய் தாராளமாக விட்டு, வாழையிலையில் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன். களத்தில் இருக்கிறவரை வாசனை இழுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று எடுத்துத் தின்றார்.

முதல் பேச்சு என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். திட்டக்கூடாது. அழக்கூடாது. இளைத்திருந்தால் இளைத்திருக்கிறாய் என்று சொல்லக்கூடாது. இவரைப் பற்றிச் சொல்லலாம். "அப்பா மாறிட்டாரு கண்ணு, ஒரு நடை வந்து நில்லு" என்று சொல்லலாம். எட்வினை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட வேண்டும்.

பச்சைச் சேலையைத் தேய்த்து வைத்தாயிற்று.

பிப்ரவரி 22, சனி

கோயம்புத்தூர் போய்விட்டு வந்தோம். வேனில் கூட்டம். பல்லடத்தில் டீ குடித்தோம். மியூசியம் பெரிய கட்டடம், உள்ளே ஏசி. நிறைய வைத்திருந்தார்கள். ஒப்புட்டை வேனில் வந்த பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

வந்து மாவு அரைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருந்தேன். அவர் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

எழுதிவிட வேண்டும். எழுதாமல் இருந்தால் நடக்கவில்லை என்று இன்னும் ஒரு நாள் நினைத்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் அதிகமில்லை. முதல் கூடத்தில் வாழைநாரில் பின்னிய பைகள், தென்னை மட்டையில் செய்த விளக்குகள், கைத்தறித் துணியில் வெள்ளைக்காரர்கள் போடுகிற மாதிரி கோட்டுகள். கற்பகவல்லியின் பெண்கள் ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து தையலைப் பார்த்தார்கள். தொடாதீங்கம்மா, தொடாதீங்கம்மா என்று காவலுக்கு நின்ற ஆள் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். நான் துணியைப் பார்க்கவில்லை. வருகிற போகிற முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

கடைசிக் கூடத்தில் தலையில்லாத பொம்மைகள் வட்டமாக நின்றன. எல்லாவற்றுக்கும் நூல் சேலை கட்டி, மேலே சட்டை போட்டிருந்தது. பார்த்தவுடன் எனக்கு நம் களம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இது புருஷன் சட்டையில்லை. பெண்ணுக்கென்றே வெட்டியது. முந்தானை உள்ளே மடிந்து நிற்க இடது பக்கம் ஒரு கொசுவம். பின்கழுத்து வெயிலில் கருகாமல் இருக்க உயரமான காலர். கையைச் சுருட்டி மாட்டிக்கொள்ளப் பட்டி. சுருக்குப்பை வைக்க உள்பக்கம் ஒரு பை. கீழே பலகையில் 'களத்துச் சட்டை' என்று எழுதி அவள் பெயர் இருந்தது. காங்கயம் பக்கத்துத் தேங்காய்க் களங்களில் வெயிலில் வேலை செய்யும் பெண்களுக்காகச் செய்தது என்றும் இருந்தது.

நடுவில் நின்ற பொம்மைக்கு மட்டும் வலது தோளில் துணி இழுத்துக்கொண்டு நின்றது. பொம்மைக்குத் தோள் இரண்டும் சமம். சட்டை வலது தோள் இறங்கிய ஒருத்திக்காக வெட்டியது. எனக்கு வலது தோள் இறக்கம். என் ரவிக்கையை நானே முப்பது வருஷமாக அப்படித்தான் வெட்டித் தைக்கிறேன். என் பிள்ளை என் அளவை மறக்கவில்லை. எனக்கு அப்போது சந்தோஷம் வந்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.

பொம்மைகளுக்குப் பின்னால் எட்வின் நின்றுகொண்டிருந்தார். பெண் கேட்டு வந்தபோது ஒரு முறை பார்த்ததுதான். தாடி விட்டிருந்தார். ஆளே பாதியாகியிருந்தார். நான் நேராகப் போனேன்.

"நல்லாருக்கீங்களா மாப்பிள்ளை?"

என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

கோபம் இருக்கும் என்று தெரிந்துதானே வந்தேன். "தப்புதானுங்க. எப்பவோ வந்திருக்கோணும்."

"அன்னிக்கு வந்திருக்கோணும். நீங்க வருவீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம். எங்கம்மா எல்லாரையும் நிறுத்தி வச்சுச்சு, பெத்தவங்க வந்துரட்டும்னு."

எதை வைத்திருந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வளைகாப்பு ஏதாவது வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்தேன். வளைகாப்பு என்றால் பிள்ளையும் பிறந்திருக்கும். கூடத்தின் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், யாராவது கைக்குழந்தையோடு வருகிறார்களா என்று.

"எனக்கு யாரும் சொல்லலீங்க. சொல்லியிருந்தா ஓடி வந்திருக்கமாட்டேனுங்களா? இந்து எங்கீங்க? அவ வரலீங்களா?"

எட்வின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது.

"உங்களுக்குத் தெரியாதா?"

"என்னதுங்க?"

"அவங்கப்பா சொல்லலீங்களா?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சுவரோரம் பெஞ்சில் உட்காரவைத்தார். என் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக அத்தை என்று கூப்பிட்டார்.

"இந்து இல்லீங்க அத்தை."

"எங்க போயிருக்கா?"

நான் அப்படித்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கற்பகவல்லி எங்கிருந்தோ ஓடி வந்தாள். என் மடியில் ஒப்புட்டு டப்பா இருந்தது. அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டெங்குக் காய்ச்சல். தீபாவளிக்கு அடுத்த நாள் ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை விடியற்காலை முடிந்துவிட்டது. எட்வின் களத்து போர்டு நம்பருக்குப் பேசியிருக்கிறார். இவர் எடுத்திருக்கிறார்.

"அவர் மட்டும் வந்தாருங்க. வாசல்ல செருப்புக் காலோடயே நின்னாரு. அப்புறம் உள்ள வந்து முகத்தைப் பார்த்தாரு. அத்தை எப்ப வருவாங்கன்னு கேட்டேன். வரமாட்டேன்னுட்டான்னு சொன்னாரு."

"யாரு?"

"நீங்க."

எனக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிந்துஜாவுக்கு முகூர்த்தக்கால் நட்ட நாள். நான் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சீர்த்தட்டுக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தேன். இவர் பொள்ளாச்சிக்குக் காய் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அரக்குப் பட்டு.

"என்னைக் கேட்டாளா?" என்றேன்.

எட்வின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 26, புதன்

நேற்று முழுக்க அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வார் என்று. சொல்லவில்லை.

இன்று காலை இட்லி வைத்தேன். சட்னி ஊற்றினேன். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது கேட்டேன்.

"நான் வரமாட்டேன்னு சொன்னேனுங்களா?"

கை நின்றுவிட்டது. எங்கே, எப்போது என்று அவர் கேட்கவில்லை.

"யாரைப் பார்த்த?" என்றார்.

"மாப்பிள்ளையை."

தட்டைத் தள்ளி வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். நான் எதிரில் உட்கார்ந்தேன். பிறகு அவராகவே பேசினார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"போன் வந்ததும் அண்ணங்கிட்டத்தான் போனேன். கால் நட்டாச்சு, பத்திரிகை கொடுத்தாச்சு, இப்ப வெளிய சொன்னா தீட்டுன்னு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கல்யாணத்தை நிறுத்திப்போடுவாங்கன்னாரு. நம்மளை விட்டுப் போனவதானே, போய்ப் பார்த்துட்டு வந்துரு, நாகமணிக்குக் கல்யாணம் முடிஞ்சு சொல்லிக்கலாம்னாரு."

"அண்ணனுக்கா பொறந்தா இந்து?"

"சரின்னுட்டேன் புள்ள. மூணு நாள்தானேன்னு சரின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கல்யாணம் முடிஞ்சு வூட்டுக்கு வந்தோம். நீ பட்டுச்சேலையோட இந்த இடத்துல உட்கார்ந்து கால்வலிக்கு எண்ணெய் தேய்ச்சுட்டு இருந்த. நம்ம இந்துவுக்கும் இப்படிப் பண்ணிப் பார்க்கக் கொடுத்துவைக்கலியேன்னு சொன்ன. வாய் வரலை எனக்கு. நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். மறுநாள் பேரூர் ஆத்தங்கரைக்குப் போய் மொட்டை போட்டு, ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வந்தேன். வந்து சொல்லலாம்னு இருந்தேன். நீ என்ன வேண்டுதல்னு கேட்ட. அதுக்கப்புறம் நாள் தள்ளத் தள்ள, சொல்றதை விட, இத்தனை நாள் சொல்லலையேங்கிறது பெருசாப் போச்சு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணன் வூட்டுல தெரியும்."

என் ஓரகத்தி, கல்யாணத்தன்று என் தலையில் பூ வைத்துவிட்டவள். அவளுக்குத் தெரியும்.

"வரமாட்டேன்னு நான் சொன்னதாச் சொல்லியிருக்கீங்களே."

அழுதார். என் கையைப் பிடிக்க வந்தார். "ஒருத்தியைத் தொலைச்சாச்சு. உன்னையும் தொலைக்கோணுமா நாகு?" என்றார். நான் எழுந்து களத்துக்கு வந்துவிட்டேன். பருப்பு காய்ந்திருந்தது. மூட்டை பிடிக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

சொல்லாமல் போகவில்லை. "மகளைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டே பஸ் ஏறினேன்.

எட்வினும் அவருடைய அம்மாவும் கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். சிமெண்ட் இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மா என் தோளை அணைத்துக்கொண்டு, "நீங்க வரலைன்னு உங்களை ரொம்ப வஞ்சிருக்கேனுங்க. மன்னிச்சிருங்க" என்றார். நான் அவரைத் தேற்றினேன்.

அழுகை வரவில்லை. அவளுக்கு ஒரு வாய் அரிசி போடவில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. ஊரில் ஒருத்தரும் நம் வீட்டுக்கு வந்து என்னாச்சு என்று கேட்கவில்லை. இழவு விழாத வீட்டில் எப்படி அழுவது?

மார்ச் 1, சனி

கற்பகவல்லியின் போனிலிருந்து பந்தல்கார செல்லமுத்துவிடம் பேசினேன். வீட்டு வாசலில் சாமியானா போட்டு நாற்காலி இறக்கச் சொன்னேன்.

"என்ன விசேஷமுங்க்கா? காதுகுத்துங்களா?"

"இழவுங்க."

"யாருங்க்கா?"

"நாளைக்கு வந்து கேட்டுக்கோங்க. வாசல் பார்த்துப் போட்டாப் போதும்."

மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன். வருகிறேன் என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

அவர் காலையில் தோட்டத்துக்குப் போயிருந்தார். செல்லமுத்து வந்து துணியைக் கட்டினான், நாற்காலி இறக்கினான், கேட்காமலே ஒரு பெஞ்சும் போட்டான். அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் இருந்த போட்டோவை எடுத்து வாசலில் ஸ்டூலின் மேல் வைத்து மாலை போட்டேன். விளக்கேற்றினேன். தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

முதலில் ரங்காத்தாள் ஓடி வந்தாள். போட்டோவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். களத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. எப்போ, எப்போ என்று கேட்டார்கள். எட்வினும் அவருடைய அம்மாவும் வந்து ஓரமாக நின்றார்கள். நான்தான் கைகாட்டி முன் வரிசையில் உட்காரச் சொன்னேன்.

அவருடைய அண்ணன் வேகமாக வந்தார். எட்வினைப் பார்த்ததும் நின்றார். குரலை அடக்கிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"என்ன கூத்து இது நாகமணி? முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்கு வாசல்ல கொண்டாந்து வெக்கற? சிந்துஜா வூட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"நாற்காலி இருக்குதுங்க. உட்காருங்க" என்றேன்.

அப்போதுதான் தோட்டத்திலிருந்து அவர் வண்டி வந்தது. தூரத்திலேயே பந்தலைப் பார்த்திருப்பார். வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடாமலே இறங்கினார். செல்லமுத்து போய்ப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், எதிர்வீடு, அவர்தான் முன்னால் வந்து கேட்டார்.

"என்னாச்சு சென்னியப்பா? பாப்பாவுக்கு என்னாச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். நானே சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார். வீட்டில் எல்லாப் பேச்சும் அவருக்கும் சேர்த்து நான்தானே பேசியிருக்கிறேன்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அண்ணன், "சென்னி, உள்ள வா, பேசிக்கலாம்" என்று கையைப் பிடித்தார். அவர் கையை உதறவில்லை. ஆனால் போகவும் இல்லை.

"இந்து செத்துப்போச்சுங்க" என்றார். "தீபாவளிக்கு அடுத்த வாரமே செத்துப்போச்சு. நான் யாருக்கும் சொல்லலை. பெத்தவளுக்கும் சொல்லலை."

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். களத்துப் பெண்களில் யாரோ ஒருத்தி முதலில் குரல் எடுத்தாள். அவள் வாயில் இந்துவின் பெயரைக் கேட்டதும் எனக்கு வந்துவிட்டது. எங்கே இருந்தது அவ்வளவும் என்று தெரியவில்லை. ரங்காத்தாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். பந்தலுக்கு வெளியே நின்றவர்களும் உள்ளே வந்து அழுதார்கள்.

அண்ணன் எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

அடுப்பு பற்றவைக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. அவருக்கும் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. பேசவில்லை. பேசுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஊதியூரிலிருந்து, சென்னிமலையிலிருந்து, அவளோடு படித்த பெண்கள் இரண்டு பேர் திருப்பூரிலிருந்து. வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். நான் அவர் பக்கம் கை காட்டுகிறேன். அவர் எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறார். தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொல்கிறார்.

சாயங்காலம் செல்லமுத்து வந்தான். பந்தலைப் பிரித்துவிடலாமா என்று அவரிடம் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டுங்க" என்றேன். "இன்னும் தெரியாதவங்க நிறையப் பேர் இருக்காங்க."